அரைக்கத் தெரிந்த ஊரில் உடைக்க ஒரு மில்

மாவு மெஷின் விற்கிற கடையில் வேலை பார்ப்பவர்களுக்குத் தலை இரண்டு விதமாக நரைக்கும். வயசாகி ஒரு தடவை, தினமும் சாயங்காலம் ஒரு தடவை.

கவுண்டருக்குப் பின்னால் நின்று எதையாவது விற்றுப் பிழைக்கும் சக ஜீவன்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். துணிக்கடையில் நிற்பவர்களுக்குக் கால்வலி, செருப்புக்கடைக்காரர்களுக்கு முதுகுவலி, எனக்குத் தும்மல். பட்டாபிராமில் ரயிலேறி, பட்டரவாக்கத்தில் இறங்கி, அம்பத்தூர் எஸ்டேட்டில் மாவு மெஷின் செய்து விற்கும் ஒரு சின்னக் கம்பெனிக்கு வருகிறேன். வந்தவர்களுக்கு மெஷினை ஓட்டிக் காட்டும் 'டெமோ' வேலை. உணவுத் தொழில்நுட்பத்தில் எம்.எஸ்ஸி. கடைசி வருஷம் படிக்கிறேன். வகுப்பு உள்ள நாட்களில் புத்தக வாசனை, இல்லாத நாட்களில் மிளகாய் நெடி.

முன்பக்கம் ஷோரூம், பின்பக்கம் ஒர்க்‌ஷாப். ஷோரூமில் எனக்கு ஒரு ஸ்டூல் உண்டு. ஒர்க்‌ஷாப்பில் எனக்கு இடமே கிடையாது. ஒரு மெஷினை எப்படி மாற்றினால் நன்றாக ஓடும் என்று நான் படம் போட நினைத்தால், அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் வைத்துத்தான் போட வேண்டும். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் நான் எத்தனை சண்டை போட்டிருந்தாலும் எல்லாம் ஒரே பொருளுக்காகத்தான்: ஒர்க்‌ஷாப்புக்குள் எனக்கென்று ஒரு மேசை.

எதிர் வீட்டுக்கு ஒரு மெஷின்

ஆவடியிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். ஐயா நேராகப் போய் ஷோரூமிலேயே பெரிய மெஷின் முன்னால் நின்றார். கல்யாணச் சமையல்காரர்களுக்கு மசாலா அரைத்துக் கொடுப்பவர்கள் வாங்குகிற மெஷின் அது. "இதைவிடப் பெருசு இல்லியா?" என்றார். வீட்டில் எத்தனை பேர் சார் என்றேன். இரண்டு பேர். பையன் பெங்களூரில் இருக்கிறான், தீபாவளிக்கு வருவான்.

எனக்கு அநியாயத்தைக் கண்டால் பொறுக்காது. அது எங்கள் கம்பெனிக்கு லாபமான அநியாயமாக இருந்தாலும் பொறுக்காது. "சார், இதை ஓட்டணும்னா உங்க வீட்டு ஒயரிங்கையே மாத்தணும். நீங்க போடற கோதுமை பூரா இதோட அடியிலேயே ஒட்டிக்கும். வெளியில வர்றதுக்கு ஒண்ணும் மிஞ்சாது" என்று ஆரம்பித்தேன். அவர் விடவில்லை, நாளைக்குச் சொந்தக்காரர்கள் வந்தால் என்றார். சொந்தக்காரர்கள் சாப்பிட வருவார்களா, மாவு அரைக்க வருவார்களா என்றேன். அந்த அம்மா அதுவரை சின்ன மெஷினின் மூடியைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"அவருக்கு மெஷின் வேணாம்மா, எதிர் ஊட்டுக்காரங்க வந்து பாக்கணும், அவ்ளோதான். நீ சின்னதுக்கே பில்லப் போடு, எதிர் ஊட்டம்மாவ நான் டிபனுக்குக் கூப்ட்டுக்கிறேன்."

ஜென்ட்ஸ் யாராவது

பூந்தமல்லியில் மசாலாப் பொடி வியாபாரம் தொடங்கப் போகிற ஒருவர் வந்தார். நான் மிளகாய், மல்லியை அடித்துத் தூளாக்கும் பல்வரைசரைத் திறந்து, உள்ளே சுழலும் சுத்திகளையும் கீழே இருக்கும் சல்லடையையும் காட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் என் தலைக்கு மேலாக ஒர்க்‌ஷாப் பக்கம் பார்த்தார். "டெக்னிக்கலா கொஞ்சம் பேசணும். ஜென்ட்ஸ் யாராவது இருந்தா கூப்பிடும்மா" என்றார். இதைக் கேட்டிராத பெண் யாராவது எந்தக் கவுண்டரிலாவது நின்றிருக்கிறீர்களா, தோழிகளே? எனக்குக் காது சூடாகிவிட்டது. அதற்குள் எங்கள் தலைமை ஃபிட்டர் டில்லிபாபு அண்ணன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

மிளகாய் எண்ணெய் விட்டால் சல்லடை அடைத்துக்கொள்ளாதா என்று வந்தவர் கேட்டார். டில்லி அண்ணன் என் பக்கம் திரும்பி, "அடைச்சுக்குமாம்மா?" என்றார். நான் பதில் சொன்னேன். மோட்டார் சூடாகிவிட்டால் என்றார். "சூடாச்சுன்னா இன்னாம்மா பண்ணணும்?" என்று அதையும் என்னிடமே தள்ளினார். இத்தனைக்கும் அந்தக் கேள்விகளுக்குப் பதில் அவருக்குத் தூக்கத்தில் எழுப்பினாலும் தெரியும். கடைசியில் வந்தவருக்கே பொறுக்காமல், "உங்களுக்கு ஒண்ணுமே தெரியாதா?" என்று கேட்டுவிட்டார். அண்ணன் சாந்தமாகச் சொன்ன பதில்:

"எனுக்கு மூடியக் கழட்டி மாட்டத் தெர்யும் சார். இன்னாத்துக்குக் கழட்டணும்னு இந்தப் பொண்ணைத்தான் கேட்டுக்கினு கீறேன்."

சாப்பிட்டுவிட்டு வாங்க

எங்கள் முதலாளி கோதண்டம் சாருக்கு ஒரு வழக்கம் உண்டு. எஸ்டேட்டில் வேறு யாரும் செய்து நான் பார்த்ததில்லை. மெஷின் வாங்க வருகிறவர் தன் வீட்டுத் தானியத்தைத் தானே கொண்டுவர வேண்டும். அதை நாங்கள் கண்ணெதிரே அரைத்துக் கொடுப்போம். அன்றைக்கு அட்வான்ஸ் வாங்க மாட்டார். "எடுத்துட்டுப் போய் சமைச்சு, சாப்ட்டுட்டு வாங்க. அப்புறம் பேசலாம்" என்று அனுப்பிவிடுவார். நான் சேர்ந்த புதிதில் இதை எதிர்த்துக் கொடி பிடித்தேன். கையில் கிடைத்த வாடிக்கையாளரை வாசல்வரை கொண்டுபோய் விடுகிற வியாபாரம் எந்த ஊரில் உண்டு? "நாம மெஷினா விக்கறோம்? சாப்பாட்டுக்கு முந்தின வேலையை விக்கறோம். சாப்பாடு சரியில்லன்னா மெஷினும் சரியில்ல" என்றார் சார்.

அப்படி ஒரு தடவை இடியாப்பம் போட்டு விற்கிற ஒரு பெண்மணி பச்சரிசி கொண்டுவந்து அரைத்துக்கொண்டு போனார். மறுநாள் ஒரு தூக்கு நிறைய இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் கொண்டுவந்து எங்கள் எல்லோருக்கும் பரிமாறினார். பூ மாதிரி இருந்தது. நான் பில் புத்தகத்தையே எடுத்துவிட்டேன். அந்தம்மா வேண்டாமென்று தலையை ஆட்டினார். எனக்குத் திக்கென்றது. சாரோ ஏதோ பெரிய ஆர்டர் கிடைத்த மாதிரிச் சிரித்து, இன்னொரு இடியாப்பம் கேட்டு வாங்கிக்கொண்டார். விற்காமல் போனதற்கு இப்படிச் சந்தோஷப்பட ஒரு மனுஷனுக்கு எவ்வளவு தைரியம் வேண்டும்! அந்தம்மா சொன்னது இதுதான்:

"மாவு நல்லாத்தான் இருக்கு. ஆனா பிழியறப்ப என் கை அந்தப் பழைய மில்லு மாவத்தான் தேடுது. மில்ல மாத்திக்கலாம், கைய எங்க போயி மாத்துவேன்?"

மிக்ஸியில் தோற்றவர்

இப்போது சதீஷ் வருகிறார். திருவேற்காட்டுக்காரர். நியூசிலாந்தில் ஒரு குளிரான சின்ன ஊரில் பால் பவுடர் ஃபேக்டரியில் வேலை. தங்கை கல்யாணத்துக்கு வந்திருந்தார். கையில் ஒரு பை முளைப்பார்லி. பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்தது. வடக்கேயிருந்து பார்சலில் வரவழைத்தாராம். "இதை அரைக்காத மில் ஒண்ணு வேணும்" என்றார். மாவு மெஷின் கடையில் வந்து நின்றுகொண்டு!

நியூசிலாந்தில் வீட்டிலேயே பீர் காய்ச்சிக்கொள்ளலாம், சட்டம் தடுக்காது. இங்கே செய்தால் குற்றம். அது அவருக்கும் தெரியும். அதனால் மெஷினை மட்டும் இங்கே செய்து எடுத்துக்கொண்டு போக வந்திருந்தார். முளைப்பார்லியை உடைத்து, வெந்நீரில் ஊறவைத்தால் அதன் மாவுச்சத்து சர்க்கரையாகும். அந்தத் தித்திப்புத் தண்ணீரை வடித்தெடுத்துத்தான் மற்ற வேலையெல்லாம். வடிகட்டத் துணி கிடையாது. பார்லியின் உமியேதான் வடிகட்டி. உமி கிழியாமல் இருக்க வேண்டும், உள்ளே இருக்கும் பருப்பு மட்டும் உடைய வேண்டும். கல் மில்லில் போட்டால் உமியும் சேர்ந்து அரைபடும். பல்வரைசரில் போட்டால் கேட்கவே வேண்டாம், அடித்துத் தூளாக்கிவிடும். எதிரெதிராகச் சுழலும் இரண்டு உருளைக்கு நடுவில் நெருக்கி உடைக்கிற ரோலர் மில்தான் இதற்குச் சரி. எங்களிடம் அது இல்லை. நாங்கள் செய்ததும் இல்லை. இதற்கு முன்னால் எதில் உடைத்தீர்கள் என்று கேட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார்:

"ஊர்லேர்ந்து எடுத்துட்டுப் போன மிக்ஸியிலதான் சிஸ்டர். எங்க அம்மா கிளறுற களி கூட அவ்வளவு கெட்டியா இருக்காது."

மூன்று வாரத் தாகம்

ரோலர் என்றதும் எனக்கு உள்ளுக்குள் குதிக்கத் தோன்றியது. ஆனாலும் ஒரு சண்டை பாக்கி இருந்தது. "எங்க தெருவுல சாயங்காலம் ஆனா நடக்கற வழியிலேயே குடிச்சிட்டு விழுந்து கிடப்பாங்க. அவங்களைத் தாண்டித்தான் நான் ஸ்டேஷன்லேர்ந்து வீட்டுக்குப் போறேன். அதுக்குத் துணை போற மெஷினை நான் எதுக்குச் செய்யணும்?" என்று கேட்டேன். டில்லி அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நான் நிறுத்தவில்லை. சிஸ்டர் என்று கூப்பிடுவதையும் நிறுத்தச் சொன்னேன்.

சதீஷ் கோபித்துக்கொள்ளவில்லை. அந்த ஊரில் குளிர்காலத்தில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். லீவு நாளில் பேச ஆள் கிடையாது. பக்கத்து வீட்டுக்கார வயசானவர்கள் இரண்டு பேர் இவரைக் கூப்பிட்டு இதைக் கற்றுக்கொடுத்தார்களாம். காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் வரை வேலை. உடைப்பது, ஊறவைப்பது, வடிப்பது, கொதிக்கவைப்பது. நடுவில் சாப்பாடு, அரட்டை. அதன்பிறகு மூடிவைத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். குடியைப் பற்றி என் கருத்து இன்றைக்கும் ஒரு நூல் கூட மாறவில்லை. ஆனால் இந்த மனிதர் தேடியது குடியை அல்ல, கூட உட்கார்ந்து வேலை செய்ய ஆட்களை என்று புரிந்தது. கடைசியாக அவர் சொன்னது:

"விழுந்து கிடக்கணும்னு குடிக்கிற எவனும் மூணு வாரம் காத்திருக்க மாட்டான், ஷாலினி மேடம்."

மேசைக்குப் பேரம்

கோதண்டம் சாரிடம் போனேன். "உடைக்கிறதுக்கு ஒரு மெஷினா? நைசா அரைக்கறதுக்குத்தானேம்மா ஜனங்க நம்மகிட்ட வர்றாங்க" என்றார். அவர் சொல்வதும் சரி. நம் ஊரில் மாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பவர்கள்தான் நீதிபதிகள். கொஞ்சம் நறநறத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். 'நைஸ்' என்பதுதான் எங்கள் தொழிலில் ஆகப்பெரிய பாராட்டு.

நான் வேறு பக்கமாக வந்தேன். "சார், கம்புக் குருணை வேணும்னு வர்றாங்க. கஞ்சிக்கு நொய் வேணும்னு வர்றாங்க. சம்பா ரவை கேக்கறாங்க. அவங்களுக்கு பல்வரைசரைக் காட்டி, சல்லடையை மாத்தி, பாதி மாவும் பாதி குருணையுமா கையில கொடுக்கறோம். சாப்ட்டுட்டு வாங்கன்னு அனுப்பறோம், அவங்க திரும்பி வர்றதேயில்ல. ஏன்னு யோசிச்சீங்களா?" சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அது நல்ல சகுனம். ஒரு ரோலர் செய்து பார்க்க சம்மதித்தார். படம் போட மேசை வேண்டும் என்றேன். அப்போது அவர் போட்ட நிபந்தனை:

"ஓடுச்சுன்னா உள்ள உனக்கொரு டேபிள். ஓடலைன்னா ரோலர் பழைய இரும்புக்கு, நீ மறுபடி ஸ்டூலுக்கு. அதுக்கப்புறம் மெஷினப் பத்தி எங்கிட்ட ஆர்க்யூ பண்ணக் கூடாது, சொல்லிட்டேன்."

இரண்டு ஹாக்ஸா பிளேடு கனம்

ஆர்க்யூ பண்ணக் கூடாது என்பதுதான் பெரிய தண்டனை. ஸ்டூல்கூடப் பரவாயில்லை. அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து வரைந்தேன். டில்லி அண்ணன் எஃகுத் தண்டை லேத்தில் கட்டி இரண்டு உருளைகள் கடைந்தார். தானியம் வழுக்காமல் பிடித்து இழுக்க, உருளை மேலெல்லாம் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடி மாதிரி சொரசொரப்பாகக் கோடு போட்டார். மோட்டார் வேண்டாம், பெட்டியில் கனம் ஏறும் என்பதால் கையால் சுற்றுகிற பிடி. முக்கியமான விஷயம், உருளைகளுக்கு நடுவில் விடவேண்டிய கேப். அதில்தான் உயிர் இருக்கிறது. எவ்வளவு விடலாம் என்று அளவு சொன்னேன். அண்ணன் மேலே தொங்கிய, இரும்பு அறுக்கும் ஹாக்ஸா பிளேடுகளில் இரண்டை எடுத்து, சேர்த்துப் பிடித்து, நடுவில் நுழைத்துக் காட்டினார். கச்சிதம். அன்றிலிருந்து எங்கள் ரோலருக்கு அதுதான் அளவுகோல்.

சதீஷுக்கு இன்னும் சில நாளில் ஃபிளைட். மெஷினைத் தூக்கிப் பார்த்து முகம் சுருங்கினார். ஏர்லைன்ஸ்காரர்கள் விடுகிற எடையில் பாதியை அதுவே தின்றுவிடும். வேறு யாராவது என்றால் உருளையைச் சின்னதாக்கச் சொல்லியிருப்பார்கள். அவர் உருளையைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"சட்டை, பேன்ட் எல்லாத்தையும் மேல மேல மாட்டிக்கிட்டே ஏறிடறேன். பெட்டில இவரு மட்டும் வரட்டும்."

மல்லிகா அக்காவின் கேன்

கோதண்டம் சாரின் வழக்கம் இப்போது குறுக்கே வந்து படுத்துக்கொண்டது. சாப்பிட்டுப் பார்க்காமல் மெஷின் வெளியே போகக் கூடாது. பீராக்கிப் பார்ப்பது இங்கே சட்டவிரோதம். அதற்கு நேரமும் இல்லை. நான் யோசித்தேன். புளிக்கவைக்கிற ஈஸ்ட்டைச் சேர்க்கிறவரை அது வெறும் தித்திப்புத் தண்ணீர்தானே? கேழ்வரகு மால்ட்டுக்கு அண்ணன் தம்பி. அதுவரை செய்து குடித்துக் காட்டுகிறேன் என்றேன். சூடு ஆறாத பாத்திரம் வேண்டும், அடியில் குழாய் வேண்டும். இரண்டும் சேர்ந்த பாத்திரத்தைத் தேடி எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. எஸ்டேட் முழுக்க டீ விற்கிற மல்லிகா அக்காவின் சைக்கிளில் அது தினமும் வாசலில் வந்து நிற்கிறது. காலை டீ முடிந்ததும் கேனைக் கழுவிக் கொடுத்தார். சாயங்கால டீக்குள் திருப்பித் தந்துவிட வேண்டும் என்று கண்டிப்பு. குழாய்க்கு மேலே பல்வரைசர் சல்லடையில் ஒரு துண்டு வெட்டி வைத்தோம்.

சதீஷ் பார்லியைக் கொட்ட, நான் பிடியைச் சுற்றினேன். வெந்நீரில் கலந்து மூடினோம். என் தெர்மாமீட்டர் காட்டிய சூடு சரியாக இருந்தது. ஒரு மணி நேரம் கழித்துக் குழாயைத் திறந்தேன். ஒரு சொட்டு வந்தது. அடுத்த சொட்டுக்கு எல்லோரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம். வரவில்லை. மூடியைத் திறந்தால் உள்ளே பசை, சுவரொட்டி ஒட்டலாம். சதீஷ் ஓரமாகப் போய் உட்கார்ந்தார். மிக்ஸியில் பார்த்த அதே களி. கோதண்டம் சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். என் மேசையின் நான்கு கால்களும் ஒவ்வொன்றாக ஒடிகிற சத்தம் எனக்குக் கேட்டது. வாசலில் மல்லிகா அக்கா இன்னொரு பக்கம், "என் கேனு! இன்னாமே பண்ணி வெச்சிகிறீங்க? ஷிஃப்டு உடற நேரம், எதுல நான் டீ எடுத்துகினு போவேன்?" என்று கத்திக்கொண்டிருந்தார்.

நான் இரண்டு பிளேடையும் எடுத்து உருளைகளுக்கு நடுவில் வைத்தேன். நுழையவில்லை. ஒன்றை மட்டும் வைத்தேன். அதுவும் நுழையவில்லை. டில்லி அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவருக்குக் காரணம் உடனே புரிந்துவிட்டது. காலையில் வந்ததும் ஒரு பிடி பார்லியைப் போட்டுச் சுற்றிப் பார்த்திருக்கிறார். முழுசு முழுசாக உமியோடு வந்து விழுந்திருக்கிறது. வெளிநாடு போகிற மெஷின் இப்படி அரைகுறையாக அரைத்தால் எப்படி என்று, பாசத்தோடு இறுக்கி வைத்திருக்கிறார். வேலைக்கு வந்த நாளிலிருந்து கேப்பைக் குறைத்துக் குறைத்தே பெயர் வாங்கிய கை அது. அந்தக் கையை எப்படித் திட்டுவது? சார் வாயைத் திறப்பதற்குள் அண்ணனே முன்னால் வந்து நின்றார்:

"இரும்புக் கடைக்குப் போடாத மொதலாளி. மிஷின் மேலயும் தப்பில்ல, படம் போட்ட பொண்ணு மேலயும் தப்பில்ல. நைசா வரணும்னு என் கைதான் சொம்மா இருக்காம பூட்ச்சு."

மறுநாள் நடந்தது

ஒர்க்‌ஷாப்பே சேர்ந்து அந்தக் கேனைச் சுரண்டிக் கழுவியது. சதீஷ் கேனுக்குள் கையை விட்டு நார் போட்டுத் தேய்த்தார். அன்றைக்கு டீ கொஞ்சம் தாமதமாகத்தான் போனது. மறுநாள் மல்லிகா அக்கா கேனைத் தர மாட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவரே கேட்டார்: "அந்த பையன் ஊருக்குப் போறதுக்குள்ள அது வருமா வராதா?" வரும் என்றேன். கேனை வைத்துவிட்டு அவரும் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

டில்லி அண்ணன் தானே இரண்டு பிளேடையும் வைத்துக் கேப்பைச் சரிசெய்து, நட்டை இறுக்கி, அதன்மேல் சிவப்பு பெயின்ட் ஒரு பொட்டு வைத்தார். இனி யார் கையும், முக்கியமாக அவர் கை, அதைத் தொடாமல் இருக்க. சுற்றினேன். பார்லி நசுங்கி விழுந்தது. உமி முழுசு, உள்ளே பருப்பு உடைந்து நாலைந்து துண்டு. அவர் அதை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தார். கட்டைவிரல் தானாகத் தேய்க்கப் போனது, நிறுத்திக்கொண்டார். ஊறவைத்தோம். குழாயைத் திறந்ததும் முதலில் கலங்கலாக வந்தது. அதைத் திரும்ப மேலேயே மெதுவாக ஊற்றினோம். உமி படிந்து மெத்தை மாதிரி ஆனது. அதற்குப் பிறகு வந்தது பாருங்கள், தேன் நிறத்தில், கண்ணாடி மாதிரி, நூல் அறுபடாமல். சதீஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆவி பட்டது என்றார். ஆவி அந்தப் பக்கமே போகவில்லை.

கோதண்டம் சார் டீ கிளாஸில் வாங்கிக் குடித்தார். குடித்த கிளாஸையே மறுபடி நீட்டினார். எனக்கு அது போதும். மல்லிகா அக்கா சந்தேகத்தோடு ஒரு வாய் வைத்து, அப்புறம் கடகடவென்று குடித்து முடித்து, சதீஷைப் பார்த்து உண்மையான வருத்தத்தோடு கேட்டார்:

"எப்பா, இவ்ளோ தித்திப்பா கீது, இத்தப் போயி கெட வெச்சா குடிக்கிறீங்க?"

பல் தேய்த்த மெஷின்

நியூசிலாந்து ஏர்போர்ட்டில் செருப்பில் ஒட்டிய மண்ணைக்கூட விடமாட்டார்களாம். ஒரு தானியத் துணுக்கு இருந்தாலும் மெஷினைப் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள் என்று சதீஷ் சொன்னதும், டில்லி அண்ணன் புது டூத் பிரஷ் ஒன்று வாங்கிவந்து, உருளையின் ஒவ்வொரு கோடாகத் தேய்த்தார். அப்புறம் கம்ப்ரஸர் காற்று. அப்புறம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து மறுபடி பிரஷ். அவரை அவ்வளவு பொறுமையாக நான் பார்த்ததில்லை. போன பிறகு சதீஷிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. வெளியே இருட்டு, உள்ளே வெளிச்சம், நரைத்த தலைகள் இரண்டு மாறி மாறிப் பிடியைச் சுற்றுகின்றன. கூடவே குரல் பதிவு:

"இங்க ஏர்போர்ட்ல நாய் வந்து பெட்டியச் சுத்திச் சுத்தி மோந்து பாத்துச்சு, ஒண்ணும் கிடைக்கல. டில்லி அண்ணன்கிட்ட சொல்லுங்க, அவரு பிரஷ் நாயைவிட ஸ்ட்ராங்கு."

மேசை

மேசை வந்தது. கடையில் வாங்கவில்லை. பல்வரைசர் ஸ்டாண்டுக்கு வாங்கிய இரும்பு ஆங்கிளில் டில்லி அண்ணனே வெல்டிங் வைத்து, மேலே பலகை போட்டு, ஒர்க்‌ஷாப்பில் லேத்துக்கு எதிரே நிறுத்தினார். குத்தம்பாக்கத்திலிருந்து கம்பங் குருணைக்கு ரோலர் கேட்டு ஒருவர் வந்து, உடைத்து, எடுத்துக்கொண்டு போய்ச் சாப்பிட்டு, திரும்பி வந்து ஆர்டர் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த மெஷினுக்கான படத்தைத்தான் முதலில் விரித்தேன். பென்சில் உருண்டு ஓடியது. மேசை ஆடுகிறது; ஒரு கால் குட்டை. நான் வாயைத் திறந்தேன். இரும்புக் கம்பெனியில் செய்த மேசை ஆடலாமா, அளவு எடுக்காமல் வெட்டலாமா என்று ஒரு நியாயமான பிரசங்கம் தொண்டைவரை வந்துவிட்டது. அண்ணன் அதற்குள் இரண்டு ஹாக்ஸா பிளேடை எடுத்துச் சேர்த்து, குனிந்து, குட்டைக் காலுக்கு அடியில் செருகினார். ஆட்டம் நின்றது. நிமிர்ந்து சொன்னார்:

"அங்க கேப்பு வேணும், இங்க கேப்பு கூடாது. போதுமா? இப்பவாவது வாய மூடிகினு வரையி."

உடைத்ததோடு நிறுத்திக்கொள்ளத் தெரிந்த ஒரு மெஷினை நான் செய்துவிட்டேன். அதைப் பார்த்தாவது என் வாய்க்கு அந்தப் புத்தி வருமா என்று எங்கள் கம்பெனியே, மூன்று வாரத்துக்கும் மேலாக, பொறுமையோடு காத்திருக்கிறது.